இடது பக்கத்துச் சத்தம்

வண்டியில் என்ன சத்தம் வருகிறது என்று யாராவது வாயால் செய்துகாட்டினால் காதுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டறை வாசலில் நின்று 'டொக் டொக்' என்றும் 'கிறீச்' என்றும் நடித்துக்காட்டும் ஆட்களை அவர் நாற்காலியை விட்டு எழாமலே பார்ப்பார். முழுக்க முடிக்கவிட்டு, "நல்லாப் பாடுறீங்க. இப்ப வண்டியக் கொஞ்சம் பாட விடுறீங்களா?" என்பார்.

வெறும் வாய்ச்சவடால் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, "பின்னாடி கமான் பட்டையில ஒரு பிளேட் உடைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, வெற்றிலை மடிப்பவர்போல நிதானமாகக் கையுறையை மாட்டுவார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். அதில் வந்த பெயர்தான் காதுக்காரர். மகள் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகியிருந்த சொந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இது யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டவர்கள்கூட உண்டு.

பெயர் வந்ததோடு ஒரு பார்வையும் வந்துவிட்டது. உலகத்தில் பாதிப்பேர் முட்டாள்கள், மீதிப்பேர் அவர்களுக்கு வண்டி ஓட்டுபவர்கள் என்பது போன்ற பார்வை. எதிர்வரிசையில் புதிதாக ஒரு பட்டறை வந்திருந்தது. வண்டியை அப்படியே மேலே தூக்கும் லிஃப்ட், காத்திருப்பவர்களுக்குக் கண்ணாடி அறை, காபி மெஷின். காதுக்காரர் அதற்கு வைத்த பெயர் 'ஆஸ்பத்திரி'. அடியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பவர்களைக் காட்டி, "வண்டிக்குப் பிரசவம் பாக்குறானுங்க" என்பார். அப்படி நிற்பவர்களில் ஒருவன் நெட்டையன். பல வருஷம் இவரிடம் வேலை பார்த்தவன். ஒரு நாள் காலையில் கையைத் துடைத்துவிட்டு, ஸ்பேனரை ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போனான். போனவன் ரோட்டைத் தாண்டி எதிரிலேயே சேர்ந்துகொண்டான். "நன்றி கெட்ட பய" என்பதற்கு மேல் அவனைப் பற்றிக் காதுக்காரர் பேசுவதில்லை. அவனுக்குப் பதில் ஆள் வைக்கவும் இல்லை. தன்னோடு வேலை செய்யும் தகுதியுள்ளவன் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருடைய கணக்கு.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த சம்பந்தி பெயிண்ட் வியாபாரி. அதிர்ந்து பேசாத மனுஷன். "சம்பந்தி தப்பா நினைக்கக்கூடாது" என்று ஆரம்பித்தால், தப்பாக நினைக்கவேண்டிய ஒன்று பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஒரு சண்டை கிடையாது. சண்டை இருந்திருந்தால் இதைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தச் சம்பந்தியின் பிக்கப்பில்தான் சத்தம் வந்தது. முதல் தடவை வந்தபோது, பெயிண்ட் டின் ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் எங்கேயோ 'டொக்' என்று அடிப்பதாகச் சொன்னார்.

"எங்கேயோன்னா? வண்டிக்குள்ளயா, உங்க வயித்துக்குள்ளயா?" என்றார் காதுக்காரர்.

சம்பந்தி சிரித்தார். சிரிக்கும்போது அவருக்குக் கண் சிரிக்காது. "சம்பந்தி தப்பா நினைக்கக்கூடாது. அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?"

காதுக்காரர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சம்பந்தியை ஓட்டவிட்டு ஒரு சுற்று போய் வந்தார். முன்பக்கம், இடது வீல், லிங்க் ராடு. அவருக்குச் சந்தேகமே இல்லை. மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் வண்டி திரும்ப வந்தது. இடது பக்க ஆர்ம் புஷ்ஷை மாற்றினார். மறுபடி வந்தது. இடது ஷாக் அப்சார்பர். ஒவ்வொரு தடவையும் பட்டறை முற்றத்தில் வெறும் வண்டியாகச் சத்தமில்லாமல் உருண்டது. சரக்கு ஏற்றியதும் பழைய பாட்டைப் பாடியது.

"வண்டி தெருவுல திரும்பும்போதே கடையில உக்காந்திருக்குற பெயிண்டர்ங்க எல்லாம் ஸ்டூல விட்டு எந்திரிச்சிடுறாங்க சம்பந்தி. நான் வரேன்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடுது. ஒரு விதத்துல வசதிதான்," என்றார் சம்பந்தி மூன்றாம் தடவை.

காதுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் வண்டியில் ஏறினார். கடைத்தெரு முழுக்க ஓட்டச் சொன்னார். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்று மட்டும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. சம்பந்தி வழி நெடுக வாயே திறக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை மனைவி அவர் எதிரில் வந்து நின்றாள். பட்டறையின் முன்பக்கம் புஷ், ஃபில்டர், பெல்ட் எல்லாம் விற்கும் சின்னக் கவுண்ட்டர் அவள் பொறுப்பு. கையில் போன் இருந்தது.

"பொண்ணு பேசுனா. அழுவுறா."

"எதுக்கு?"

"அவ மாமனார் வண்டியில போகும்போது உங்ககிட்ட நாலு தடவை கேட்டாராம், எதிர்ப் பட்டறையில ஒரு வாட்டி காட்டட்டுமான்னு. நீங்க பதிலே சொல்லாம ஜன்னல் பக்கமா திரும்பிக்கிட்டீங்களாம். மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலயாம்."

"பொய். அந்தாளு வாயே தொறக்கல."

"அவரு எதுக்குப் பொய் சொல்லணும்?"

"வண்டியில ஓசி வேலை வாங்கிட்டு என்னையே குத்தம் சொல்லணும்ல? பெயிண்ட் அடிக்கிறதுதான் அவரு தொழில். நல்லா அடிக்கிறாரு."

மனைவி போனை அணைத்தாள். பிறகு கவுண்ட்டருக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை சம்பந்தி தானாகவே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்பக்கம் நிறையப் பெயிண்ட் டின். முகத்தில் அசாத்திய பணிவு. "சம்பந்தி தப்பா நினைக்கக்கூடாது. இதுதான் கடைசி. இதுக்கப்புறம் நான் எதிர்ப்பக்கம் போயிடுறேன். உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

காதுக்காரர் ஒரு கனமான பலகையை எடுத்து முற்றத்தில் குறுக்கே போட்டார். "இதுமேல ஏத்தி எறக்குங்க. மெதுவா. நான் சொல்ற வரைக்கும்."

வண்டி பலகையில் ஏறி இறங்கியது. டொக். காதுக்காரர் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். இடது பக்கம்தான், ஐயமே இல்லை. பின்னோக்கி வரச் சொன்னார். டொக். இடதுதான். இடது பக்கத்தில் இனி மாற்றுவதற்கு ஒரு சாமானும் மிச்சமில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. முன்பக்கம் போய், வண்டியின் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டு, மறுபடி ஓட்டச் சொன்னார்.

டொக். இடது பக்கம்.

கையை நீட்டி அந்த வீலைக் காட்டப் போனவர், நீட்டிய கையோடு அப்படியே நின்றார். அவர் இப்போது வண்டிக்கு எதிராக நிற்கிறார். அவருடைய இடது, வண்டியின் வலது. சற்று முன் அந்த ஓரத்தில் அடித்த சத்தம் இப்போது இந்த ஓரத்தில் அடிக்கிறது. வேகமாக நடந்து மறுபடி பின்னால் போனார். "ஓட்டுங்க." டொக். சத்தமும் இடம் மாறி அவருடைய இடது பக்கமே வந்து நின்றது. பக்கவாட்டில் நின்றார். அங்கேயும் இடது.

வண்டி பலகைமேல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. சத்தம் மட்டும் வண்டியை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே நடந்தது.

எந்தக் கோளாறு என்றாலும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. கை தானாகவே மேலே போனது. இடது காதை விரலால் அடைத்தார். சம்பந்தியின் வண்டி, தெருவில் போன லாரி, கவுண்ட்டரில் ஓடிய மின்விசிறி, எல்லாம் ஒரேயடியாக அணைந்துபோயின. விரலை எடுத்து வலது காதை அடைத்தார். ஒன்றும் மாறவில்லை. அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் அந்தப் பக்கம் ஒரே மாதிரிதான் இருந்தது. கதவு சாத்திய அறை மாதிரி.

சம்பந்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்ன சம்பந்தி, காது குடையுதா?"

"ஆமா. நிறுத்துங்க."

அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். இத்தனை நாள் யார் யாருக்கெல்லாம் இடது பக்கத்தைக் கழற்றியிருக்கிறோம் என்று மனது ஓடியது. திரும்பி வந்தவர்களை, ரோடு சரியில்லை, உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று துரத்தியிருக்கிறார். பாதிப்பேருக்கு அதிர்ஷ்டவசமாகக் கோளாறும் இடதிலேயே இருந்திருக்கும். அதை வைத்துத்தான் இத்தனை நாள் பெயர் ஓடியிருக்கிறது.

ஆனால் வண்டி எதிரில் நின்றது. அதற்கு அவர் காதைப் பற்றிக் கவலை இல்லை.

"சம்பந்தி, எறங்கி வந்து பின்னாடி பம்பர் மேல ஏறி நில்லுங்க."

"நானா?"

"என்கிட்ட வேற யார் இருக்கா? ஏறிக் குதிங்க. சேர்ந்தாப்ல, விடாம."

பெயிண்ட் கடை முதலாளி, இஸ்திரி போட்ட சட்டையோடு, பம்பரில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். வயிறு ஒரு தாளத்திலும் வண்டி ஒரு தாளத்திலும் ஆடின. காதுக்காரர் அடியில் படுத்துக்கொண்டு, கேட்பதை விட்டுவிட்டு, தொட்டுப் பார்த்தார். ஷாக் மேல் உள்ளங்கையை வைத்தார். மெத்தென்று ஏறி இறங்கியது. யூ கிளாம்ப்பில் வைத்தார், அசைவில்லை. பாரம் தாங்கும் இடது கமான் பட்டையின் முன்முனை, பின்முனை இரண்டும் சுத்தம். வலது பக்கம் நகர்ந்தார். பட்டையின் பின்முனை சேஸிஸோடு சேரும் இடத்தில், ஷேக்கிள் மேல், கை வைத்தார். சம்பந்தி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் உள்ளங்கையில் ஒரு அடி விழுந்தது. எலும்பில் இரும்பு மோதுவதுபோலத் தெளிவான அடி.

கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தார். சம்பந்தி பாவம், குதித்துக்கொண்டே இருந்தார்.

சேஸிஸை ஜாக்கியில் தூக்கி, பட்டையின் பாரத்தை இறக்கி, போல்ட்டைத் தட்டிக் கழற்றியபோது, உள்ளே இருக்கவேண்டிய ரப்பர் புஷ் துண்டு துண்டாக, ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்தது. நடுவில் இருந்த இரும்புக் குழாய் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளத்தது. சரக்கு ஏறும்போதுதான் பட்டை நீண்டு ஷேக்கிள் ஆடும். வெறும் வண்டியில் அது அசையாது. இது பட்டறையில் முதல் வாரம் படிக்கும் பாடம். புது புஷ்ஷைத் திணித்து, போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றி, வண்டியை இறக்கி, வீல் தரையில் உட்கார்ந்த பிறகுதான் முறுக்கினார். தொங்கும் வண்டியில் முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். எதிரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது தெரியாது என்று அடிக்கடி சொல்வார். இன்று சொல்ல மனம் வரவில்லை.

பலகையில் வண்டி ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. சம்பந்தியின் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

"சம்பந்தி தப்பா நினைக்கக்கூடாது. இத்தன நாளா இடதுன்னீங்க. இப்ப வலதுல இருந்திருக்கு."

"சத்தம் சேஸிஸ்ல ஓடி வரும். எங்கயோ அடிக்கும், எங்கயோ கேக்கும்."

சொன்னது உண்மைதான். ஆனாலும் பொய் சொன்ன மாதிரி நாக்கு கசந்தது. சம்பந்தி வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு அவர் கவுண்ட்டருக்கு நடந்தார். மனைவி புஷ் டப்பாக்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது காதைக் காட்டியபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏதாச்சும் பேசு."

ஒன்றும் கேட்கவில்லை. திரும்பினார். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்ன?"

"என்ன பேசன்னு கேட்டேன். என்னாச்சு உங்களுக்கு?"

"வலது காது செத்துப்போச்சு."

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். "எப்பலேர்ந்து?"

"தெரியல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரொம்ப நாளா இருக்கணும்."

மனதுக்குள் பழைய நாட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"அப்ப நான் கேட்டதுக்கெல்லாம் நீங்க பதில் சொல்லாம இருந்தது…"

"கேட்டிருக்காது."

"நான் திமிர்னு நினைச்சேன்," என்றாள். குரலில் வருத்தமும் இல்லை, இரக்கமும் இல்லை. "நான் மட்டுமில்ல. எல்லாருமே அப்படித்தான் நினைச்சோம். வேற யாராச்சும்னா காது கேக்கலயோன்னு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். உங்க விஷயத்துல அது யாருக்கும் தோணல."

காதுக்காரருக்குச் சுருக்கென்றது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"நெட்டையன் போனானே, அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? நான் இங்கேர்ந்து பாத்துட்டிருந்தேன். அவங்கம்மா ஆஸ்பத்திரியில சீரியஸா இருக்காங்க, நாலு நாள் லீவு வேணும்னு உங்க பக்கத்துல வந்து நின்னு கேட்டான். நீங்க டெம்போவுக்கு அடியில குனிஞ்சிருந்தீங்க. ரெண்டாவது தடவையும் கேட்டான். நீங்க எந்திரிச்சு, அவனத் திரும்பிக்கூடப் பாக்காம விசிலடிச்சுக்கிட்டே போய்ட்டீங்க."

"அந்தம்மா?"

"அந்த வாரமே போய்ச் சேந்துட்டாங்க."

"நீ ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"கேட்டுட்டுத்தான் போறீங்கன்னு நினைச்சேன். காதுல வாங்கினவர்கிட்ட எதத் திரும்பச் சொல்றது?"

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு ரோட்டைத் தாண்டி நடந்தார். ஆஸ்பத்திரி என்று அவர் அழைத்த இடத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தரை ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்துவைத்திருந்தது. ஆபாசமான சுத்தம் என்று நினைத்துக்கொண்டார். லிஃப்ட்டில் தூக்கிய வேனுக்கு அடியில் நெட்டையன் அண்ணாந்து நின்றிருந்தான். தலையில் நரை விழுந்திருந்தது.

"நெட்டை."

அவன் திரும்பினான். "வாங்கண்ணே" என்றான், பழக்க தோஷத்தில். சொன்ன பிறகு முகம் இறுகியது.

காதுக்காரர் வாழ்க்கையில் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர். வண்டியின் கோளாறைச் சொல்வதுபோலவே சொன்னார். "எனக்கு வலது காது கேக்கறதில்ல. இப்பத்தான் தெரிஞ்சுது. நீ உங்கம்மாவுக்காக லீவு கேட்டது என் காதுல விழல. சத்தியமா விழல. அத உங்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

நெட்டையன் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். நிதானமாகக் கேட்டான்.

"காது நல்லா இருந்திருந்தா லீவு குடுத்திருப்பீங்களாண்ணே?"

காதுக்காரர் வாயைத் திறந்தார். அந்த நாளின் டெம்போ கண்முன் வந்தது. கியர்பாக்ஸ் தரையில் பிரித்துக் கிடந்தது. அதன் சொந்தக்காரன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான். கை ஒன்று குறைந்தாலும் முடியாத வேலை. அந்த நேரத்தில் நெட்டையன் சொன்னது காதில் விழுந்திருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த வாக்கியம், அதன் எகத்தாளம் உட்பட, நாக்கு நுனியில் தயாராக இருந்தது: உங்கம்மாவுக்கு நீ வைத்தியம் பாக்கப் போறியா?

"குடுத்திருக்க மாட்டேன்," என்றார்.

நெட்டையன் தலையை ஆட்டினான். "சரிண்ணே. வேலை கெடக்கு," என்று வேனுக்கு அடியில் போய்விட்டான்.

திரும்பி வந்தவரிடம் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

சம்பந்திக்கு அவரே போன் செய்து விஷயத்தைச் சொன்னார். மகள் அழுகிறாளே என்பதற்காகத்தான் சொன்னார். இல்லாவிட்டால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார். மறுமுனையில் சம்பந்தி, "சம்பந்தி தப்பா நினைக்கக்கூடாது, எனக்கு மனசுக்கு ரொம்ப ஆறுதலா இருக்கு," என்றார். அதற்கப்புறம் கடைத்தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. இடது பக்கம் புதுசும் வலது பக்கம் சத்தமுமாக அலைந்துகொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. சிலர் சிரித்துக்கொண்டே வந்தார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள், சிலர் நேராக எதிர்ப்பக்கம் போனார்கள். வந்தவர்களுக்கு அவர் அடியில் படுத்து, தொட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் சரிசெய்து கொடுத்தார். சத்தத்தை யாரும் வாயால் செய்துகாட்டாமலே அவருக்கு எரிச்சல் வந்தது.

காது டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டி மண்டையில் வைத்து, நரம்பு போய்விட்டது என்றார். "அத நானே சொன்னேனே," என்றார் காதுக்காரர். செத்த பக்கத்துச் சத்தத்தை வாங்கி நல்ல பக்கத்துக்கு அனுப்பும் ஒரு ஜோடிக் கருவியைக் கொடுத்தார்கள். திசை தெரியாது, ஆனால் பேச்சு விழும் என்றார்கள். அதை மூட்டைப்பூச்சி என்று திட்டிக்கொண்டே மாட்டினார். ஸ்பேனர் கீழே விழுந்தால் வெடி வெடித்த மாதிரி இருந்தது. இரண்டு தடவை கழற்றி எறிந்தார். இரண்டு தடவையும் மனைவி தேடி எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு நாள் அவர் ஜாக்கி பக்கத்தில் குந்தியிருந்தபோது, வலது பக்கம் கவுண்ட்டரில் அவள் வண்டி கொண்டுவந்த புது ஆள் ஒருவனிடம் சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவர்கிட்ட எதையும் ரெண்டு தடவ சொல்லுங்க தம்பி. மொத தடவ காது கேட்டாலும் திமிரு கேக்க விடாது. ரெண்டாவது தடவ கேப்பாரு."

ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. நறுக்கென்று ஒரு பதிலும் வாயில் ஊறியது. புது ஆள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, பள்ளத்துல எறங்குனா டொக்குன்னு…" என்று ஆரம்பித்தான்.

"மறுபடி சொல்லு," என்றார் காதுக்காரர், டார்ச்சை எடுத்துக்கொண்டு.